நாலாவது பஞ்சர் போட மறுத்தவர்

"அப்பா, வண்டி ஆடுது. ஓரமா நிறுத்திட்டேன்."

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறேகால் மணிக்கு மகளிடமிருந்து போன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அவள் சிதம்பரம் போயிருந்தாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், கீழ வீதியில் தோழி ஒருத்தியைப் பார்க்க வேண்டும். "பஸ்ல போயேன்" என்றேன். "ரெண்டு மூணு இடம் அலையணும்ப்பா, ஸ்கூட்டர்தான் வசதி" என்றாள். கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் சொச்சம். நாலு வழிச் சாலை வந்த பிறகு அது ஒரு தூரமே இல்லை என்று ஆகிவிட்டது. சரி என்று விட்டுவிட்டேன்.

"எங்கம்மா இருக்கே?"

"பி.முட்லூர் தாண்டிட்டேன். சிலம்பிமங்கலம் போர்டு பார்த்தேன். புதுச்சத்திரம் இன்னும் வரலை."

அந்த இடம் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வயலும் சவுக்குத் தோப்பும். பகலில் அழகான இடம். இருட்டும் நேரத்தில் மகள் அங்கே தனியாக நிற்கிறாள் என்றால் அழகெல்லாம் ஞாபகத்துக்கு வராது.

வண்டி ஆட ஆரம்பித்ததும் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு மெதுவாக ஓரம் கட்டினாளாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது. காற்று இறங்கிய சக்கரத்தில் பிரேக்கை அழுத்தினால் டயர் ரிம்மை விட்டு நழுவி வண்டியைக் கீழே தள்ளிவிடும். பின்சக்கரம் போனால் முன் பிரேக்கை லேசாக, முன்சக்கரம் போனால் பின் பிரேக்கை லேசாக. முன்சக்கரம்தான் ரொம்ப மோசம், ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது.

"முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிப்பா."

"போன் லைட்டைப் போட்டு, சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை மெதுவாச் சுத்திப் பாரு. ஆணி கீணி தெரிஞ்சா தொடாதே."

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். டியூப் இல்லாத டயரில் உட்புறம் ஒரு மெல்லிய ரப்பர் படலம் உண்டு. ஆணி குத்தினாலும் அந்த ரப்பர் ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். பல நேரம் அடுத்த ஊர்ப் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம். ஆணியைப் பிடுங்கினீர்களோ, உஸ்ஸென்று முடிந்தது கதை. டியூப் வைத்த டயருக்கு இந்தச் சலுகை கிடையாது, அது குத்திய சில நொடிகளிலேயே படுத்துவிடும்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஆணி எதுவும் இல்லைப்பா. ஆனா ஓரத்துல கறுப்பா ஒரு திரி வெளியே தொங்குது."

டீ தொண்டையில் நின்றுவிட்டது. அந்தத் திரியை எனக்குத் தெரியும். அதைப் போடச் சொன்னதே நான்தான்.

அந்தப் பின்டயரில் ஏற்கெனவே மூன்று பஞ்சர். முதலாவது சிப்காட் பக்கம் குத்திய ஆணி. இரண்டாவது சீமைக்கருவேல முள். இரண்டும் டயரின் நடுப்பகுதியில், ரோட்டில் படும் பட்டையில். மூன்றாவது ஆவணியில் வந்தது. அது ஓரத்தில், பட்டையும் பக்கச் சுவரும் சேரும் வளைவில். அன்றைக்கு ஒட்டிய பையன், "சார், இது ஓரமா இருக்கு. நிக்காது. டயரை மாத்திடுங்க" என்றான். "தீபாவளி வரைக்கும் ஓடட்டும்ப்பா, சும்மா போடு" என்றவன் நான். அவனும் போட்டான். நானும் மறந்தேன். மகளிடம் சாவியைக் கொடுக்கும்போது பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன், ஹெல்மெட்டை ஞாபகப்படுத்தினேன். டயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் காற்று இல்லாமல் அவளால் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்று ஓர் எண் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் எங்கே மாட்டிக்கொண்டாலும் கூப்பிடலாம். அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்று யாரோ பேசும் குரல் கேட்டது. மீன் கூடைகளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டி. ஓட்டியவரும் அவர் மனைவியும். அந்த அம்மாதான் முதலில் இறங்கி, "என்ன பாப்பா, பஞ்சரா?" என்று கேட்டிருக்கிறார்.

மகள் வண்டி எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அந்த அம்மாவே, "எடுத்து அப்பாவுக்கு அனுப்பு பாப்பா, அதான் நல்லது" என்றாராம். மூவருமாக ஸ்கூட்டரைப் பின்னால் ஏற்றி, கயிறு கட்டி, புதுச்சத்திரம் வந்து சேர்ந்தார்கள். காசு வாங்கவில்லை. ஸ்கூட்டரில் இன்னும் மீன் வாடை அடிக்கிறது, அது வேறு விஷயம்.

புதுச்சத்திரத்தில் ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை. நீங்கள் ஆயிரம் பார்த்திருப்பீர்கள்: ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், தண்ணீர் நிறைந்த பழைய இரும்புச் சட்டி, மரத்தில் தொங்கும் டயர், அதில் வெள்ளைப் பெயின்ட்டில் 'பஞ்சர்'. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மகள் போனை அவரிடம் கொடுத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரமா ஒட்டி அனுப்பிச்சிடுங்க. பொண்ணு தனியா வரணும். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

"சார், காசு பிரச்னை இல்லை. இதுல ஏற்கெனவே மூணு இருக்கு. நாலாவதா ஒண்ணைத் திரிச்சு உட்டு நூறு ரூபா வாங்கிக்கலாம். ஆலப்பாக்கம் வரைக்கும் நிக்கும். அப்புறம்? பாப்பா கடலூர் போய்ச் சேரணுமா வேணாமா?"

நான் பேசவில்லை.

"சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன் சார். அந்தத் திரி இருந்த எடத்துல மட்டும் முட்டை உடலை. பக்கச் சுவத்துல வெடிப்பு உட்டிருக்கு, அங்கயும் உடுது. அதை ஒட்ட முடியாது. நான் ஒட்டவும் மாட்டேன். இந்த சைசு டயரும் என்கிட்ட இப்ப இல்லை. வண்டி இங்கயே கிடக்கட்டும், பாப்பாவை பஸ் ஏத்தி உடறேன். நீங்க காலையில புது டயரோட வாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டியூபையாவது உள்ளே போட்டு அனுப்பலாமே என்று தோன்றியது. கேட்கவும் கேட்டேன். "டியூபு காத்தைத்தான் சார் புடிக்கும். செத்துப்போன டயரை அது புடிக்காது" என்றார். ஏழேகாலுக்கு மகளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எனக்கு போன் போட்டார். எட்டரைக்கு அவள் வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தோசை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் டயர் வாங்கப் போனேன். பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் முந்தின நாளே படம் எடுத்து வைத்திருந்தாள்: 90/100-10. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் இந்த எண்களைப் படிக்க நான் மெனக்கெட்டதில்லை. 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வரும் ஸ்கூட்டரிலேயே பழைய மாடலுக்கு முன்சக்கரம் 10 அங்குலம், புதிய மாடலுக்கு 12 அங்குலம் என்று மாறியிருக்கிறது. டயரையே பார்த்துச் சொல்வதுதான் பத்திரம்.

இன்னொரு எண்ணும் உண்டு. பக்கச் சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருஷம். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் கடைப் பலகையிலேயே இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும், இறுகும், வெடிப்பு விடும். முதலில் எடுத்துக் கொடுத்த டயருக்கு மூன்று வயது ஆகியிருந்தது. "வேற காட்டுங்களேன்" என்றேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் போன மாதம் செய்ததை எடுத்து வந்தார். கேட்டால் கிடைக்கிறது. 1,500 ரூபாயை ஒட்டி விலை. இதை மிச்சம் பிடிக்கத்தான் ஆவணியிலிருந்து நான் பாடுபட்டிருக்கிறேன்.

டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "வண்டி எங்க சார், பின்னாடி வருதா?" பஸ்ஸே சிரித்தது.

புதுச்சத்திரத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றால் இந்தக் கால ஸ்கூட்டரில் முதலில் சைலன்சரைக் கழற்ற வேண்டும். பிறகுதான் சக்கரத்தின் நட்டு. "அந்தக் காலத்து வண்டின்னா இந்த வேலையே இல்லை. ஸ்டெப்னி இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதும் என் அப்பாவின் பஜாஜ் சேத்தக் கண்முன் வந்து நின்றது. 1972-ல் வந்த அந்த வண்டியில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு. கூடவே அதே அளவில் மூன்றாவது சக்கரம் ஒன்றும் காற்றோடு தொங்கிக்கொண்டிருக்கும். பஞ்சர் என்றால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, சில நட்டுகளைக் கழற்றி மாட்டி, கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மோட்டார் வண்டிகளுக்கு உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துக்காரர்களே அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். நம் ஊர் லாரி டிரைவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைய ஸ்கூட்டரில் ஸ்டெப்னியை வைக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட் வைக்கிறோம். அது நியாயம்தான். ஆனால் ரோட்டில் பஞ்சர் ஆனால் நம் கையில் ஒன்றும் இல்லை, கடைக்காரர் கையில்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது.

அவர் டயரை ரிம்மிலிருந்து பிரித்துக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே கறுப்புத் தூள், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல. பக்கச் சுவரின் உட்புறம் சுற்றிலும் ஒரு கோடு, காகிதத்தை மடித்துப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி.

"இது நேத்து வந்தது இல்லை சார். ரொம்ப நாளாக் காத்துக் கம்மியாவே ஓட்டிருக்கீங்க. ஓட ஓட சுவரு மடங்கி மடங்கி நிமிரும். சூடாகும். ரப்பர் உள்ளுக்குள்ளயே அரைஞ்சு தூளாக் கொட்டும். வெளியில ஒண்ணும் தெரியாது."

நான் காற்று அடிப்பது பெட்ரோல் போடும்போது ஞாபகம் வந்தால்தான். அதுவும் விரலால் அழுத்திப் பார்த்து, 'கல்லு மாதிரி இருக்கு' என்று திருப்திப்பட்டுக்கொள்வது. எங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால் 22, பின்னால் 29, பின்னே ஆள் உட்கார்ந்தால் 36 என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கலாம், புத்தகத்தைப் பாருங்கள். ஸ்கூட்டரில் இன்ஜினும் பின்னால், ஆளின் பாரமும் பின்னால். பின்டயர்தான் எப்போதும் பாவம்.

ரிம்மின் விளிம்பில் துரு. "கடக்காத்து சார். இந்தப் பக்கம் ஓடுற வண்டி எல்லாத்துலயும் இது உண்டு" என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்தார். அந்தத் துரு ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் இடைவெளி விட்டு, பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கவைக்குமாம். கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இது உபயோகப்படும். பழைய வால்வையும் பிடுங்கிப் புதிது வைத்தார். முப்பது நாற்பது ரூபாய் சமாசாரம். அதைப் பழசாகவே விட்டால் அடுத்த மாதம் அதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். புது டயரின் பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி இருந்தது. சக்கரம் சுற்றும் பக்கம் அது பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிய டயர்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறாராம்.

வேலை நடக்கும்போதே அவரிடம் ஒன்று கேட்டேன். ரொம்ப வருஷம் முன்பு வெளியூர்ப் பயணத்தில் ஒரு கடையில் ஒரு பஞ்சருக்கு வண்டியை நிறுத்தினேன். ஐந்து பஞ்சர் என்று காட்டி ஐந்துக்கும் காசு வாங்கிவிட்டார்கள். அது சாத்தியமா?

சிரித்தார். "ஏன் சாத்தியம் இல்லை? சோப்புத் தண்ணி ஊத்துற சாக்குல கையில ஒரு ஊசி இருந்தாப் போதும். நீங்க அந்தாண்ட டீ குடிக்கப் போயிருப்பீங்க."

போயிருந்தேன்.

"பக்கத்துலயே நில்லுங்க சார். நிக்கிறதை ஒழுங்கான கடைக்காரன் தப்பா எடுத்துக்க மாட்டான். முதல்ல முழு டயருக்கும் தண்ணி ஊத்தி எங்கெங்க முட்டை உடுதுன்னு காட்டச் சொல்லுங்க. எண்ணிக்கிட்டு, அப்புறம் கம்பியை வைக்கச் சொல்லுங்க."

பஞ்சரை ஒட்டுவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. வெளியிலிருந்தே துளையை அரத்தால் குடைந்து, பசை தடவிய திரியைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிடுவது ஒன்று. ஐந்து நிமிஷ வேலை. டயரைக் கழற்றி உட்புறமிருந்து ஒட்டுப் போடுவது இன்னொன்று. நேரம் பிடிக்கும், காசும் கூட. ஆனால் அதுதான் நிலைக்கும், உள்ளே என்ன சேதம் என்றும் கண்ணால் பார்த்துவிடலாம். டயர் கம்பெனிகள் திரியைத் தற்காலிக வைத்தியமாகத்தான் வைத்திருக்கின்றன. நாம்தான் அதை நிரந்தரமாக்கிவிட்டோம். ஒட்டிய பிறகு முதல் 24 மணி நேரம் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள் என்று சில வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. ரோட்டில் படும் பட்டையில் சின்னத் துளை என்றால் ஒட்டலாம். பக்கச் சுவரில் என்றால் எவ்வளவு சின்னதானாலும் டயரை மாற்ற வேண்டியதுதான். ஓடும்போது மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் எந்த ஒட்டும் தங்காது. என் மூன்றாவது திரி தங்காமல் போனதும் அதனால்தான்.

பட்டை தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, பள்ளங்களுக்குள் குட்டியாக ஒரு மேடு வைத்திருப்பார்கள். பக்கச் சுவரில் ஒரு சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். பட்டை தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. அவர் என் பழைய டயரில் அந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். மேடு எது, பட்டை எது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பதில்.

கூலி எவ்வளவு என்றேன். இருநூறு என்றார். வண்டியை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டதற்கு என்று இன்னொரு நூறு நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அந்த நூறை நேத்தே வாங்கியிருக்கலாமே சார்" என்றார்.

பழைய டயரை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மரத்தில் தொங்குவது மழையில் பெயின்ட் போய்விட்டது, இதை எழுதி மாட்ட வேண்டும் என்றார்.

புது டயரில் முதல் கொஞ்ச தூரம் வழுக்கும், வளைவில் சாய்க்காமல் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். நிதானமாகத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அம்புக்குறி, வால்வு, உள்ளே கொட்டிய தூள், நாலு இலக்கம், எல்லாம். அவள் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். பத்து வருஷம் முன்பு சில்வர் பீச் ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியபோதுகூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

கேட்டு முடித்ததும், "சரிப்பா. முன் டயர் எந்த வருஷத்துது?" என்றாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.